பொத்தான் கண்ணும் சீப்பு மீசையும்: வாசகர் கேள்வி–பதில்

பொத்தான், சாவி, சீப்பு, தீக்குச்சி, காய்கறி என அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களைக் கூட்டி மனித முகங்களை உருவாக்கும் குழந்தைப் படநூல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: இத்தகைய ஒரு நூலைப் பார்த்த நாள் முதல் என் நான்கு வயது மகள், கதவுக் கைப்பிடி, வாளி, மின்செருகித் துளைகள் என்று எதைக் கண்டாலும் “அம்மா, இது சிரிக்கிறது”, “இது கோபமாக இருக்கிறது” என்கிறாள். சிறு குழந்தைகளை இந்நூல்கள் இவ்வளவு ஈர்ப்பது ஏன்?

உங்கள் மகள் இதை நூலிலிருந்து கற்றுக்கொண்டாள் என்பதைவிட, அவளிடம் முன்பே இருந்த ஒரு திறனை நூல் தட்டி எழுப்பியது என்று சொல்வதே பொருத்தம். 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளின் கண்முன் முகம்போல வரையப்பட்ட ஓர் அட்டையையும், அதே கண்ணும் மூக்கும் வாயும் இடம் மாறிக் கலைந்து கிடந்த மற்றோர் அட்டையையும் மெல்ல நகர்த்திக் காட்டினார்கள். முகம் போன்ற அட்டையையே குழந்தைகள் கண்ணாலும் தலையாலும் அதிகத் தொலைவு பின்தொடர்ந்தன. 1991-இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோதும் முகத்தின் பக்கமே குழந்தைகள் கூடுதலாகத் திரும்பின. மேலே இரண்டு, கீழே ஒன்று என்று எது அமைந்திருந்தாலும் அதை முகமாகக் கொள்ள மனித மூளை ஆயத்தமாக இருக்கிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். 1976-இல் வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயிலிருந்து அனுப்பிய படமொன்றில் ஒரு குன்றின் மீது விழுந்த நிழல் மனித முகமாகத் தெரிந்தது. அது வெறும் குன்றுதான் என்பதைப் பின்னாளில் எடுக்கப்பட்ட தெளிவான படங்கள் காட்டிய பிறகும், பழைய படத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் அகப்படுவது முகமே.

ஆனால், கதவுக் கைப்பிடியில் தற்செயலாகத் தெரியும் முகத்துக்கும் ஓவியர் ஒருவர் தேர்ந்து அமைத்த முகத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் முகம் தெரிந்ததும் வியப்பு முடிந்துவிடுகிறது. பின்னதில் ‘இந்தக் கண்ணுக்கு ஏன் இந்தப் பொருள்?’ என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது. படத்தில் உள்ள பொத்தான் பொத்தானாகவும் இருக்கிறது, கண்ணாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிடாமல் இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ளும் இன்பத்தைத்தான் உங்கள் மகள் திரும்பத் திரும்பத் தேடுகிறாள். கதவுக் கைப்பிடி சிரிப்பதாக அவள் சொல்லும்போது, “ஏன் சிரிக்கிறது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவள் தரும் காரணம் நூலில் உள்ள எந்தக் கதைக்கும் குறையாததாக இருக்கும்.

கேள்வி: நான் நுண்கலை பயிலும் மாணவன். பொருள்களால் முகம் அமைக்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது? குழந்தை நூல்களுக்குள் அது எப்படி நுழைந்தது?

இந்த மரபைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் பெயர் ஜூசெப்பே ஆர்சிம்போல்டோ. மிலான் நகரத்தைச் சேர்ந்த இவர் 1562-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசின் அரசவை ஓவியராக வியன்னாவுக்குச் சென்று, பின்னர் பிராகா நகரிலும் பணியாற்றி, 1593-இல் மிலானிலேயே மறைந்தார். நான்கு பருவங்களை நான்கு மனிதத் தலைகளாக அவர் வரைந்த தொடர் 1563-ஐச் சேர்ந்தது. அதில் கோடைக்கு வெள்ளரி மூக்காகவும், மக்காச்சோளக் கதிர் காதாகவும், பழுத்த பீச் பழம் கன்னமாகவும் அமைந்திருக்க, வைக்கோலால் பின்னிய ஆடையின் கழுத்துப்பட்டையில் ஓவியரின் பெயரும் தோளில் ஆண்டும் கதிர்களோடு கதிர்களாக நெய்யப்பட்டுள்ளன. காய்கனிகளோடு அவர் நிற்கவில்லை. புத்தகங்களை அடுக்கி அவர் படைத்த நூலகர் உருவத்தில், தலைமுடி ஒரு திறந்த புத்தகம். விரல்கள் பக்கங்களிடையே செருகும் காகிதத் துண்டுகள். தாடியோ புத்தகத் தூசியைத் தட்டும் விலங்கு வால் துடைப்பான்கள். நூலகரின் முகத்தை நூலகத்துப் பொருள்களால் மட்டுமே அமைப்பது என்ற அந்தக் கட்டுப்பாடுதான் இன்றைய சிறந்த படநூல்களுக்கும் அடித்தளம் என்பது என் கருத்து.

அவருடைய மற்றொரு ஓவியம் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது. நேராகப் பார்த்தால் ஒரு கிண்ணம் நிறையக் காய்கறிகள் தெரியும். தலைகீழாகத் திருப்பினால் கிண்ணம் தொப்பியாகி, முள்ளங்கியும் வெங்காயமும் மூக்கும் கன்னமுமாகி, தோட்டக்காரர் ஒருவர் நம்மைப் பார்ப்பார். ஆர்சிம்போல்டோ மறைந்த பின் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த ஓவியங்கள், இருபதாம் நூற்றாண்டில் கனவுபோன்ற காட்சிகளைப் படைத்த மீமெய்யியல் (சர்ரியலிச) ஓவியர்களின் காலத்தில்தான் மீண்டும் பேசப்பட்டன.

ஒரு நுட்பத்தை இங்கே பிரித்தறிய வேண்டும். ஆர்சிம்போல்டோ பொருள்களை ஓவியமாகத் தீட்டினார். உண்மையான வெள்ளரியை ஒட்டவில்லை. உண்மைப் பொருளையே கலைப்படைப்புக்குள் கொண்டுவரும் துணிவு இருபதாம் நூற்றாண்டுக்குரியது. மிதிவண்டி இருக்கை ஒன்றையும் கைப்பிடி ஒன்றையும் பொருத்திப் பிக்காசோ காளைத் தலை செய்தது 1942-இல். 1951-இல் அவர் வடித்த தாய்க் குரங்கின் முகம், அடியோடு அடி சேர்த்து வைத்த இரண்டு பொம்மைக் கார்களால் ஆனது.

இந்த இரு மரபுகளையும் குழந்தை நூல்களுக்குள் இணைத்தவர்களில் முதன்மையானவராக ஹனோக் பிவெனைச் சொல்வேன். 1963-இல் உருகுவேயின் மொண்டெவிடியோ நகரில் பிறந்து, சிறு வயதில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் நியூயார்க்கில் ஓவியம் பயின்றவர் அவர். வளைகுடாப் போர்க் காலத்தில், மாணவராக இருந்தபோது, சதாம் உசேனின் மீசைக்குத் தீக்குச்சிகளை வைத்துப் பார்த்ததிலிருந்து தன் வழி திறந்ததாக அவர் கூறியிருக்கிறார். மீசையின் வடிவம் அந்தக் குச்சிகளில் இருந்தது. பற்றி எரியக்கூடிய அபாயமும் அவற்றிலேயே இருந்தது. பத்திரிகைகளுக்காக இப்படிப் புகழ்பெற்றோர் முகங்களைப் படைத்து வந்தவர், 2004-இல் அமெரிக்க அதிபர்களைப் பற்றியும், பின்னர் விளையாட்டு வீரர்களைப் பற்றியும் குழந்தைகளுக்கான நூல்களை அதே முறையில் வெளியிட்டார்.

அவரைத் தவிர, காய்கனிகளில் இயல்பாகவே இருக்கும் மேடு பள்ளங்களைப் பயன்படுத்திக் காராமணிக் கண்கள் வைத்துக் கோபம், நாணம், துயரம் என்று உணர்ச்சிகளைக் காட்டிய சாக்ஸ்டன் ஃப்ரேமன், யூஸ்ட் எல்ஃபர்ஸ் இருவரின் 1999-ஆம் ஆண்டு நூலும், கம்பியும் பழைய இரும்புத் துண்டும் துணியும் கொண்டு மனிதர்களைச் செய்யும் பிரெஞ்சு ஓவியர் கிறிஸ்தியன் வோல்ட்ஸின் நூல்களும், வீட்டில் சேர்த்துவைத்த சிறு பொருள்களால் பனிமனிதர்களுக்கு உருக்கொடுத்த லோயிஸ் எலர்ட்டின் 1995-ஆம் ஆண்டு நூலும் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியவை.

கேள்வி: எட்டு வயது மாணவர்களுக்கு ஒரு பெட்டி நிறையப் பொருள்களைக் கொடுத்து, “உங்களுக்குப் பிடித்தவரின் முகத்தைச் செய்யுங்கள்” என்றேன். எல்லா முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன: பொத்தான் கண், மூடி மூக்கு, கயிறு வாய். நூலில் உள்ள உயிர்ப்பு எங்கள் வகுப்பில் ஏன் வரவில்லை?

பெட்டி முதலில் வந்துவிட்டதால், அந்தப் பிடித்த மனிதர் பின்னால் தள்ளப்பட்டுவிட்டார். கையில் பொத்தான் கிடைத்த குழந்தை ‘வட்டமாக என்ன இருக்கிறது? கண்’ என்று முடிவு செய்கிறது. அந்த நொடியில் பாட்டியும் மாமாவும் அண்ணனும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். பெட்டியைத் திறக்கும் முன்பு, ஒவ்வொரு குழந்தையும் தான் தேர்ந்த மனிதரைப் பற்றி மூன்று செய்திகளையாவது சொல்லட்டும், அல்லது எழுதட்டும். “நல்லவர்”, “அன்பானவர்” என்று வந்தால் நிறுத்தி, “அந்த அன்பு எப்படித் தெரியும்? அவர் என்ன செய்வார்?” என்று கேளுங்கள். “நான் தூங்கும் வரை போர்வையை இழுத்து இழுத்து விடுவார்” என்று ஒரு குழந்தை சொன்னால், அதன் பிறகு அந்தக் குழந்தை பெட்டிக்குள் பொத்தானைத் தேடாது, துணியைத் தேடும்.

பிவெனின் 2007-ஆம் ஆண்டு நூல் ஒன்று இதே சிக்கலைத்தான் கதையாக வைத்திருக்கிறது. தன் குடும்பத்தைப் படமாக வரைந்த ஒரு சிறுமிக்கு அந்தப் படத்தில் நிறைவில்லை. உருவம் இருக்கிறது, அவர்களுடைய இயல்பு இல்லை. ஆகவே அவள் ஒவ்வொருவரின் குணத்துக்கும் ஏற்ற பொருளைத் தேடி எடுத்து, துள்ளும் அப்பாவுக்குச் சுருள்கம்பியையும் அவருடைய பிடிவாதத்துக்குக் கயிற்று முடிச்சையும் சேர்க்கிறாள். உங்கள் வகுப்பில் இந்த நூலை வாசிக்க வாய்ப்பிருந்தால், பெட்டிக்கு முன்பு அதை வாசியுங்கள்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதில் இன்னொரு வாயிலும் திறக்கிறது. உவமை தோன்றும் இடங்களாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். உங்கள் மாணவர்கள் செய்த முகங்களை இந்த நான்கையும் கொண்டு அளந்து பார்த்தால் குறை எங்கே என்பது உடனே விளங்கும். பொத்தான் கண் என்பது மெய் உவமை, தக்காளிக் கன்னம் என்பது உரு உவமை. அவர்கள் இந்த இரண்டோடு நின்றுவிட்டார்கள். சுருள்கம்பி துள்ளுகிறது, அப்பாவும் துள்ளுகிறார் என்பது வினை. கைவிளக்கு இருளில் வழி காட்டுகிறது, அக்காவும் பாடத்தில் தடுமாறும்போது வழி காட்டுகிறாள் என்பது பயன். இந்தப் பெயர்களை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, “அது எதைப் போல இருக்கிறது?” என்ற கேள்வியோடு, “அது என்ன செய்யும்?”, “அதனால் என்ன நன்மை?” என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் போதும். வடிவமும் வினையும் ஒரே பொருளில் கூடிவிட்டால், அதாவது அப்பாவின் சுருண்ட முடிக்கே சுருள்கம்பி பொருந்திவிட்டால், அந்த முகம் மறக்காது.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். பொத்தான்களை முதல் நாளில் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இணையாகக் கிடைக்கும் பொருள்கள் அதிகம் இருந்தால் கண்கள் எளிதாக முடிந்துவிடும். பழைய பற்தூரிகை, பாதி ஸிப், பூட்டில்லாத சாவி, மரக்கரண்டி, அழிப்பான், உடைந்த பொம்மையின் சக்கரம், நூற்கண்டு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையே நல்லவை. பசையைக் கடைசி வரை வெளியே எடுக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பசை வந்ததும் முதலில் வைத்த இடமே முடிந்த இடமாகிவிடுகிறது, பொருளை நகர்த்திப் பார்க்கும் சிந்தனை நின்றுவிடுகிறது. புருவத்தை ஒரு விரற்கடை சாய்த்தால் மகிழ்ச்சி ஐயமாக மாறுவதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும். முகம் அமைந்ததும் நிழற்படம் எடுத்துக்கொண்டு பொருள்களைப் பெட்டிக்கே திருப்பிவிடலாம். அடுத்த வாரம் அதே சாவி வேறொருவரின் மூக்காகும்.

கேள்வி: என் மகனின் வகுப்பில் ஒரு சிறுவன் தன் தோழனின் முகத்தைச் செய்து, மூக்குக்கு மிகப் பெரிய உருளைக்கிழங்கை வைத்தான். எல்லோரும் சிரிக்க, அந்தத் தோழன் அழுதுவிட்டான். இந்த விளையாட்டைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது சரிதானா?

கொடுப்பது சரி, ஆனால் இந்தக் கலை கேலிச்சித்திரத்தின் உடன்பிறப்பு என்பதைப் பெரியவர்கள் மறக்கக் கூடாது. ஆட்சியில் இருப்பவரின் மீசையைத் தீக்குச்சியால் அமைப்பது அதிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். பக்கத்துப் பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதே கூர்மையைக் காட்டினால், அவனுக்கு எதிர்த்து நிற்க வழியே இல்லை. ஆகவே வகுப்பில் முதலில் ஒவ்வொருவரும் தம் முகத்தையே செய்யட்டும். தம்மை எந்தப் பொருளால் காட்ட விரும்புகிறோம் என்பதை அவரவரே தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கண்ணியம் இருக்கிறது. தோழரின் முகத்தைச் செய்யும்போது, அவருடைய உடலில் உள்ளதைப் பெரிதாக்காமல் அவர் செய்வதைக் காட்ட வேண்டும் என்பதையும், செய்தவர் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய காரணத்தை அந்தத் தோழரிடமே நேரில் சொல்ல வேண்டும் என்பதையும் விதியாக வைத்துக்கொள்ளலாம். நேரில் சொல்லத் தயங்கும் காரணத்தைக் குழந்தைகள் தாங்களாகவே விலக்கிவிடுவார்கள். அழுத சிறுவனிடம், விரும்பினால் அந்த மூக்கை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் உரிமையைக் கொடுங்கள். பசை போடாமல் இருப்பதன் நன்மை இங்கேயும் தெரியும்.

கேள்வி: எனக்கு இரண்டு வயது மகனும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து இதைச் செய்யலாமா?

நூலைச் சேர்ந்து பார்க்கலாம். சிறு பொருள்களோடு சேர்ந்து விளையாட வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் மூச்சடைக்கும் அபாயத்தைச் சோதிக்க 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பொத்தான், மணி, மூடி ஆகிய பெரும்பாலானவை அதில் அடங்கிவிடும். பொத்தான் வடிவ மின்கலங்களும் சிறு காந்தங்களும் விழுங்கப்பட்டால் உடலுக்குள் கடும் காயம் விளைவிப்பவை. ஆகவே அவை எந்த வயதினரின் பெட்டியிலும் இருக்கக் கூடாது. சிறியவனுக்குக் கிண்ணம், பெரிய கரண்டி, காலுறை, தட்டு என்று கைக்கு அடங்காத பொருள்களைத் தரையில் பரப்பிக் கொடுத்தால் அவனும் ஒரு முகத்தைச் செய்வான்.

கேள்வி: என் மகள் முன்பெல்லாம் தாளும் வண்ணமுமாக வரைந்துகொண்டிருந்தாள். இப்போது பொருள்களை அடுக்குவதோடு சரி. வரையும் கை கெட்டுவிடாதா?

கெடாது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் மனிதரை வரையும்போது, பெரிய வட்டத்திலிருந்து நேராகக் கால்கள் இறங்கும் தலைப்பிரட்டை போன்ற உருவத்தையே பெரும்பாலும் வரைகிறார்கள். உடல் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவர்களுடைய மனத்தில் உள்ள உருவத்துக்கும் கை வரையக்கூடிய கோட்டுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. ஏழெட்டு வயதுக்குப் பிறகு அந்த இடைவெளியைத் தாங்களே உணர்ந்து, “எனக்கு வரைய வராது” என்று தாளை மூடிவைத்துவிடும் பிள்ளைகள் பலர். பொருள்களை அடுக்கும் முறை அவர்களுக்குப் பெரும் துணை: மூக்கை அழகாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நல்ல மூக்கு எது என்று கண்டறிந்தால் போதும். கண்ணின் இடம், இரு கண்களுக்கு இடையிலான தொலைவு, வாயின் சாய்வு ஆகியவற்றைக் கவனிக்கும் பயிற்சி இதில் தடையின்றி நடக்கிறது. உங்கள் மகள் ஒரு முகத்தை அடுக்கி முடித்ததும், முகத்தின் புறக்கோட்டையும் கழுத்தையும் ஆடையையும் வண்ணத்தில் தீட்டச் சொல்லுங்கள். பிவென் போன்றோரும் வண்ணம் தீட்டிய பரப்பின் மீதுதான் பொருள்களை வைக்கிறார்கள்.

கேள்வி: நான் படநூல் ஓவியர். இம்முறையில் ஒரு நூல் செய்ய விரும்புகிறேன். எவற்றில் கவனம் வேண்டும்?

முதலில் நிழல். பொருள் தாளின் மீது உண்மையில் கிடக்கிறது என்பதை வாசகருக்கு உணர்த்துவது அதன் அடியில் விழும் நிழலே. எல்லாப் பொருள்களையும் ஒரே பக்கத்திலிருந்து வரும் மென்மையான ஒளியில் சேர்த்துப் படம் எடுங்கள். தனித்தனியாக எடுத்துக் கணினியில் வெட்டி ஒட்டினால் நிழல்கள் வெவ்வேறு திசையில் விழுந்து, கையால் தொட்டு எடுத்துவிடலாம் போன்ற அந்த உணர்வு கலைந்துவிடும். பளபளப்பான உலோகமும் கண்ணாடியும் விளக்கின் ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் அவற்றுக்கு ஒளியை மெல்லிய துணியில் வடிகட்டுவது நல்லது. அளவையும் மாற்றாதீர்கள். தீக்குச்சியின் நீளம் என்ன என்பதைக் குழந்தையின் கை அறியும்; அதே பக்கத்தில் கரண்டி தீக்குச்சியைவிடச் சிறியதாகத் தெரிந்தால் இரண்டையும் அது நம்பாது.

அடுத்தது சிக்கனம். ஒரு முகத்துக்கு ஐந்தாறு பொருள்களுக்கு மேல் தேவைப்பட்டால், தேர்ந்தெடுத்தவற்றில் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். முகத்தை அமைத்த பின் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்தும் அந்த மனிதர் அவராகவே இருந்தால், எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை, படம் சொல்லிவிட்டதை வரி திரும்பச் சொல்லக் கூடாது. “தாத்தாவின் மூக்கு ஒரு சாவி” என்று எழுதினால் குழந்தை கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். “தாத்தாவிடம் கேட்டால் எந்த அலமாரியும் திறக்கும்” என்று எழுதுங்கள். சாவியைக் குழந்தையே காணும். பயன்படுத்திய பொருள்கள் அனைத்தையும் நூலின் கடைசிப் பக்கத்தில் முகங்களிலிருந்து பிரித்துத் தனித்தனியே பரப்பிவைப்பதும் நல்ல வழக்கம். எது யாருடைய புருவமாக இருந்தது என்று தேடிக் குழந்தைகள் முன்பக்கங்களுக்குத் திரும்புவார்கள்.